பனிக்குள் கிடந்த பாதி வில்

ஆஸ்திரியாவும் இத்தாலியும் சந்திக்கும் ஓட்ஸ்டால் ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில், 1991 செப்டம்பர் 19 அன்று ஒரு ஜெர்மானியத் தம்பதி பனியிலிருந்து பாதி வெளியே தெரிந்த மனித உடலைப் பார்த்தார்கள். அண்மையில் விபத்தில் இறந்த மலையேறியாக இருக்கும் என்றுதான் மீட்கப் போனவர்கள் நினைத்தார்கள். ஆய்வு முடிவு வந்தபோது உலகமே வியந்தது. 5,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய உடல் அது, கி.மு. 3350-க்கும் 3100-க்கும் இடைப்பட்ட காலத்து மனிதர். கண்டெடுத்த இடத்தை ஒட்டி ஓட்சி என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள்.

ஓட்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அவருடைய சாவைப் பற்றியது. 2001-இல் எடுத்த எக்ஸ்ரே படத்தில் இடது தோளுக்குள் கல்லாலான அம்புமுனை தெரிந்ததும், அவர் கொலையுண்டவர் என்பது தெளிவாயிற்று. வயிற்றில் இருந்த கடைசி உணவு, தோலில் இருந்த பச்சைக்குத்துகள் என்று எல்லாமே ஆராயப்பட்டன. இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது, உடல் கிடந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் பாறையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த 182 சென்டிமீட்டர் நீள மரக்கோல். அது ஒரு வில். இன்னும் செய்து முடியாத வில்.

நாண் மாட்டுவதற்கான வெட்டு இரண்டு முனையிலும் இல்லை. மேற்பரப்பு இழைக்கப்படவில்லை. நீளம் முழுவதும் கோடரி செதுக்கிய தடங்கள் வரிவரியாகத் தெரிகின்றன. ஆனால் உருவம் வந்துவிட்டது: நடுவில் தடித்து, இரு முனைகளை நோக்கி மெலிந்து போகிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் முடிந்த விற்கள் நிறைய உண்டு. முடிந்த வில், தன்னை உருவாக்கிய கையின் தடத்தைத் தானே அழித்துவிடும். கடைசியாகத் தேய்க்கும் கல் முந்தைய கருவிகளின் குறிகளையெல்லாம் துடைத்துவிடுகிறது. ஓட்சியின் வில் வேலை நடுவே நின்றுபோனது. அதனால்தான் வேட்டைக்காரன் தன் வில்லைத் தானே செய்துகொண்ட முறையை அதில் நேரில் படிக்க முடிகிறது.

எந்த மரம்?

ஓட்சி எடுத்த மரம் யூ. ஐரோப்பாவில் வளரும் ஊசியிலை மரம். மிக மெதுவாக வளரும், பல நூறு ஆண்டுகள் வாழும். விதையைச் சுற்றியிருக்கும் சிவந்த சதையைத் தவிர இதன் ஏறக்குறைய எல்லாப் பகுதியும் நஞ்சு. அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் இதன் உறவு மரம் ஒன்றின் பட்டையிலிருந்துதான் பாக்ளிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. புதிய கற்கால ஐரோப்பாவின் விற்கள் மிகப் பெரும்பாலும் யூ மரத்தாலானவை. அதற்கும் முன்னால், டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டு பழைய விற்கள் எல்ம் மரத்தாலானவை. இருக்கிற மரத்தில் சிறந்ததை எடுத்தார்கள். யூ கிடைத்த இடத்தில் வேறு மரத்தைத் தேடவில்லை.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. பென்சில் அழிக்கும் ரப்பர் ஒன்றின் பக்கவாட்டில் நெருக்கமாகக் கோடுகள் கிழித்து அதை வளைத்துப் பாருங்கள். வெளிவளைவில் கோடுகள் விலகும், உள்வளைவில் நெருங்கும், நடுவில் ஏதும் மாறாது. வில்லும் அப்படித்தான். நாணை இழுக்கும்போது, வில்லாளிக்கு எதிர்ப்புறமாக இருக்கும் முகம் நீள்கிறது, அவரை நோக்கும் முகம் நசுங்குகிறது. மரத்தின் நார்கள் நீளவாக்கில் இழுபடுவதை நன்றாகத் தாங்கும். நசுங்குவதைத் தாங்கும் வலிமை பெரும்பாலான மரங்களில் அதில் பாதி அளவே. ஆகவே நல்ல வில் மரத்துக்கு இரண்டு குணம் வேண்டும்: வெளிமுகம் அறுந்துவிடக் கூடாது, உள்முகம் நசுங்கியபடியே நின்றுவிடக் கூடாது.

யூ மரத்தை வெட்டிப் பார்த்தால் பட்டைக்கு அடியில் வெளிர் நிற மரம், அதற்குள் வைரம் எனப்படும் செம்பழுப்பு உள்மரம். வெளிமரம் இழுபடுவதில் கெட்டி. வைரம் அமுக்கத்தில் கெட்டி. இந்த இரண்டும் சேரும் எல்லையில், வெளிமரம் வெளிமுகமாகவும் வைரம் உள்முகமாகவும் அமையும்படி ஒரு சட்டத்தைப் பிளந்தெடுத்தால், இரண்டு பொருளை ஒட்டிச் செய்த வில்லின் பலன் ஒரே மரத்துண்டில் கிடைத்துவிடும். இடைக்கால இங்கிலாந்தின் நெடுவிற்கள் இந்த முறையில் செய்யப்பட்டவை. அதோடு யூ, தன் எடைக்கு விறைப்பு குறைந்த மரம். விறைப்பு குறைவு என்றால் பலவீனம் என்று பொருளல்ல. உடைவதற்கு முன் அதிகம் வளையும். வளைந்த அளவுக்கு ஆற்றலைத் தேக்கி வைக்கும். விட்டவுடன் திருப்பித் தரும்.

பிளக்கும் கலை

வில் செய்யத் தொடங்குபவர் மரத்தை அறுக்கக் கூடாது, பிளக்க வேண்டும். ரம்பம் நேராகப் போகும். மரத்தின் நார் நேராகப் போகாது. கிளைக்காகச் சற்று ஒதுங்கும், காற்றுக்கு எதிராகச் சற்றுத் திருகும். அறுத்த சட்டத்தில் நார்கள் பக்கவாட்டில் வெளியேறிக்கொண்டே இருக்கும். வளைக்கும்போது அந்த நார் முனைகளில்தான் முதல் சில்லு கிளம்பும். அதிலிருந்து விரிசல் ஓடும். ஆப்பு அடித்துப் பிளந்தால் பிளவு நாரின் வழியிலேயே போகும். கிடைக்கும் சட்டம் கோணலாக இருந்தாலும், ஒவ்வொரு நாரும் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் இருக்கும்.

வெளிமுகத்துக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்கிறது. வில்லின் வெளிமுகம் முழுவதும் ஒரே ஆண்டின் வளையமாக இருப்பது நல்லது. எல்ம், ஆஷ், ஹிக்கரி போன்ற மரங்களில் இது எளிது: பட்டையை உரித்தால் போதும், கடைசி ஆண்டின் வளையம் தானே வெளிப்படும். வட அமெரிக்காவின் ஓசேஜ் ஆரஞ்சு என்ற மரத்தில் வெளிமரம் மெல்லியது, சீக்கிரம் கெடும். அதை நீக்கிவிட்டு வைரத்துக்குள் ஒரு வளையத்தைத் தேர்ந்து, அதை மட்டும் எங்கும் வெட்டாமல் நீளம் முழுக்கத் துரத்திச் செல்ல வேண்டும். கணு வந்தால் சுற்றிவர மேடு விட்டுப் போக வேண்டும். நாள் கணக்கில் ஆகும் வேலை. ஒரு மில்லிமீட்டர் ஆழமாகச் சீவிவிட்டால் அடுத்த வளையத்துக்கு இறங்கி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பிளந்த சட்டத்தை உடனே வில்லாக்க முடியாது. பச்சை மரத்தில் நீர் அதிகம். வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஈரம் குறையும்வரை நிழலில் காயவைப்பார்கள். முனைகள் வழியே ஈரம் வேகமாக வெளியேறினால் அங்கே வெடிக்கும் என்பதால், முனைகளில் பசையோ மெழுகோ பூசுவது இன்றைய வழக்கம். அதிகம் காய்ந்தாலும் ஆபத்து: மரம் சடக்கென முறியும்.

ஓட்சியிடம் இருந்த கருவிகள் எவை என்று நமக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் எல்லாம் அவரோடு உறைந்து கிடந்தன. யூ மரக் கைப்பிடி போட்ட கோடரி. அதன் அலகு 9.5 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய தூய செம்பு. செம்பு மென்மையானது, இதைக் கொண்டு மரம் வெட்ட முடியுமா என்ற சந்தேகம் முதலில் இருந்தது. நகல் கோடரி செய்து பார்த்தார்கள். தீட்டாமலே 35 நிமிடத்தில் ஒரு யூ மரம் சாய்ந்தது. அந்தச் செம்பு இத்தாலியின் டஸ்கனிப் பகுதித் தாதுவிலிருந்து வந்தது என்று 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது, பல நூறு கிலோமீட்டர் தெற்கே தோண்டிய உலோகம், ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கில் வில் செதுக்கிக்கொண்டிருந்தது.

வளைவு பார்த்துச் செதுக்குவது

கோடரியின் வேலை முடியும் இடத்தில்தான் உண்மையான வில் வேலை தொடங்குகிறது. ஓட்சியின் வில் நின்றுபோனது சரியாக அந்த வாசலில்.

இனி ஒரு கட்டைக்கும் வில்லுக்கும் இடையில் நிற்பது, சுரண்டி எடுக்க வேண்டிய சில மில்லிமீட்டர் மரம் மட்டுமே. உள்முகத்தில் மட்டும்தான் சுரண்டலாம். வெளிமுகத்தைத் தொடக் கூடாது. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் கைவைத்து லேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே வளைகிறது, எங்கே விறைத்து நிற்கிறது என்று கண்ணால் அளக்க வேண்டும். விறைத்த இடத்தில் சில இழுப்பு. மறுபடி அழுத்தல். வில்லின் கைகள் எனப்படும் இரு பாதிகளும் ஒரே சீராக வளையத் தொடங்கியதும் நீளமான கயிறு கட்டி, சுவரில் அடித்த கட்டையில் வில்லைப் படுக்கையாக வைத்து, கயிற்றைக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எட்ட நின்று பார்ப்பார்கள். இங்கே ஒரு விதி உண்டு. குறை தெரிந்த அளவுக்கு மேல் ஒருபோதும் இழுக்கக் கூடாது. ஒரே இடத்தில் மட்டும் மரம் அதிகம் வளைகிறது என்று தெரிந்த பிறகும் இழுத்தால் அங்கே நார்கள் நசுங்கிப் போகும். நசுங்கிய நார் திரும்ப எழுந்து நிற்காது.

இந்த வேலையில் ஏன் இத்தனை பொறுமை வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்தில் மாறும். தடிமனுக்கோ மும்மடிப் பெருக்கத்தில் மாறும். அகலத்தில் பத்து விழுக்காடு குறைத்தால் விறைப்பும் பத்து விழுக்காடு குறையும். தடிமனில் பத்து விழுக்காடு குறைத்தால் விறைப்பு 27 விழுக்காடு போய்விடும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் அதிகம் சுரண்டிவிட்டால் கால்வாசிக்கு மேல் பலம் போயிற்று. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க வழியில்லை. மற்ற இடங்களையும் அதற்கு ஏற்ப மெலித்தால் வில் சீராகும், ஆனால் பலம் குறைந்த வில்லாகும். மானை வீழ்த்த நினைத்துத் தொடங்கி, முயலுக்கு மட்டுமே உதவும் வில்லில் போய் முடிவது இப்படித்தான்.

முனைகளை ஏன் அத்தனை மெலிதாக்க வேண்டும்? வில்லில் தேங்கும் ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை. ஒரு தோராயக் கணக்கு: 23 கிலோ இழுவிசையுள்ள வேட்டை வில்லை 70 சென்டிமீட்டர் வரை இழுத்தால் ஏறத்தாழ 60 ஜூல் ஆற்றல் தேங்கும். நல்ல மர வில்லில் இதில் மூன்றில் இரண்டு பங்கு அம்புக்குக் கிடைக்கும். 30 கிராம் அம்பு நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். மீதி ஆற்றல் வில்லின் கைகளையும் நாணையும் நகர்த்துவதிலும் அதிர்விலும் செலவாகிறது. கைகளில் மிக வேகமாக நகர்வது முனை. அங்கே உள்ள ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைத் தின்னும். நடுவில் பிடிக்கு அருகே உள்ள கனம் ஏறக்குறைய எதையும் தின்னாது. நடு தடித்து முனை மெலிந்த ஓட்சியின் மரக்கோல் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. அவர் ஜூல் என்ற அலகை அறிந்தவரல்ல. தலைமுறை தலைமுறையாக முறிந்த விற்களும் வேகம் குறைந்த அம்புகளும் அந்த வடிவத்துக்கு இட்டுச் சென்றிருந்தன.

அறிவியல் இதைக் கணக்காக எழுதியது மிகத் தாமதம். 1930-களில்தான் அமெரிக்கப் பொறியாளர் கிளாரன்ஸ் ஹிக்மன், இயற்பியலர் பால் குளோப்ஸ்டெக் முதலியோர் வில்லை ஆய்வகத்தில் அளந்தார்கள். ஹிக்மன் அதற்கு முன் ராபர்ட் கோடார்டுடன் ராக்கெட் ஆய்வில் வேலை செய்தவர். இங்கிலாந்து நெடுவில்லின் தடித்த, உருண்ட வெட்டுமுகத்தை விட, தட்டையான செவ்வக வெட்டுமுகம் மரத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று அவர் காட்டினார். தடித்த வில்லில் உள்முகத்தின் குறுகிய மேட்டில் அமுக்கம் குவியும். அகலமான தட்டை முகத்தில் அது பரவும். இந்த விடையை ஹோல்மகார்டின் அகன்ற எல்ம் வில்லும் ஏற்கெனவே தனக்குள் வைத்திருந்தது.

பதினான்கு அம்புகள், ஒரு நாண்

ஓட்சியின் தோலாலான அம்பறாத்தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றில் முடிந்தவை இரண்டு. அந்த இரண்டும் முறிந்திருந்தன. மற்ற பன்னிரண்டும் பாதி வேலையில் இருந்த தண்டுகள். முடிந்த இரண்டிலும் கல் முனையைப் பிர்ச் மரத் தாரால் ஒட்டி, நூலால் சுற்றியிருந்தார்கள். பின்முனையில் மூன்று இறகுத் துண்டுகள்.

தண்டுகள் வைபர்னம் என்ற புதரின் நேரான கிளைகள். அம்புத் தண்டில் நேராக இருப்பது மட்டும் போதாது. வளையும் அளவும் சரியாக இருக்க வேண்டும். நாண் அம்பை வில்லின் நடுக்கோட்டை நோக்கித் தள்ளுகிறது, ஆனால் அம்பு வில்லின் பக்கத்தில் இருக்கிறது. அப்படியானால் அது பக்கவாட்டில் விலகித்தானே போக வேண்டும்? போவதில்லை. விட்ட கணத்தில் அம்பு மீன்போல் நெளிந்து வில்லைச் சுற்றிக் கடந்து, பிறகு நேராகிறது. அதிவேகக் கேமராவால் ஹிக்மன் இதைப் படம்பிடித்துக் காட்டினார். தண்டு அதிகம் விறைப்பாக இருந்தால் ஒரு பக்கம் விலகும். அதிகம் தளர்ந்திருந்தால் மறுபக்கம். ஆகவே ஒவ்வொரு வில்லுக்கும் ஏற்ற தண்டு வேறு. வில்லின் பலம் முடிவாகத் தெரியாமல் அம்புகளை முடிக்க முடியாது. பன்னிரண்டு தண்டுகளும் அரைகுறையாகக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தூணிக்குள் இரண்டு மீட்டர் அளவுக்கு முறுக்கிய கயிறு ஒன்றும் இருந்தது. விலங்கின் தசைநாரால் திரித்தது என்று 2019-இல் உறுதியானது. தசைநார் இழுவிசையைத் தாங்கும், முடிச்சுக்கும் ஒத்துவரும், 182 சென்டிமீட்டர் வில்லுக்கு நீளமும் போதும். நாண் தயாராகக் காத்திருந்திருக்கிறது.

பிறகு ஏன் வில் முடியவில்லை? உடலே சில விடைகளைத் தருகிறது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஆழமான வெட்டுக்காயம். இறப்பதற்குச் சில நாள் முன்பு பட்டது, ஆறத் தொடங்கியிருந்தது. அவருடைய கல் கருவிகளில் உள்ள தேய்மானத் தடங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, அவர் வலக்கைப் பழக்கமுள்ளவர் என்றது. இன்னொன்றும் சொன்னது: அந்தக் கருவிகள் திரும்பத் திரும்பத் தீட்டப்பட்டு முடியும் நிலையில் இருந்தன, புதிய கல் அவரிடம் இல்லை. வில்லின் கடைசிக் கட்ட வேலைக்குக் கோடரி உதவாது, கூரான கல் சுரண்டி வேண்டும். கோடரியைப் பிடிக்கவே வலிக்கும் கை, தேய்ந்துபோன கல், மலையேற்றம், பின்தொடர்ந்த பகைவன். அவர் வயது 45 வாக்கில். பழைய வில்லை இழந்து, அல்லது அது முறிந்து, அவசரமாகப் புதியது செய்துகொண்டிருந்தார் என்ற ஊகத்தை நான் ஏற்கிறேன். வில் முடிந்திருந்தால் 30 முதல் 50 மீட்டர் தொலைவில் ஒரு மானை வீழ்த்தும் திறன் அதற்கு இருந்திருக்கும் என்று நகல் விற்களைக் கொண்டு செய்த சோதனைகள் சொல்கின்றன.

வாயால் மென்று செய்த வில்

ஓட்சியிடம் கேட்க முடியாத கேள்விகளை வேறொருவரிடம் கேட்கும் வாய்ப்பு 1911-இல் வந்தது. கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில், யாஹி என்ற பழங்குடியில் எஞ்சிய கடைசி மனிதர் பசியோடு காட்டிலிருந்து வெளியே வந்தார். அவருடைய மக்கள் குடியேறிகளால் கொன்று ஒழிக்கப்பட்டிருந்தார்கள். இஷி என்று அழைக்கப்பட்ட அவர், சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்டார். அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார். வில் செய்யவும் எய்யவும் அவரிடம் கற்றார். 1914-இல் இஷியின் சொந்த நிலமான மான் ஓடைப் பள்ளத்தாக்குக்கு அவரோடு வேட்டைக்கும் போய்வந்தார்.

இஷியின் வில் ஓட்சியினுடையதைப் போல் நெடியது அல்ல. புதர்க்காட்டில் ஒளிந்து செல்லும் வேட்டைக்கு ஏற்ற குட்டை வில். மரம் ஜூனிப்பர். குட்டை வில்லை அதிகம் இழுத்தால் வெளிமுகம் அறுந்துவிடும். அதற்கு இஷியின் மக்கள் கண்ட வழி, மான் காலின் தசைநார். அதை வாயில் போட்டு மென்று, மெல்லிய நார்களாகப் பிரித்து, சால்மன் மீனின் தோலைக் காய்ச்சி எடுத்த பசையால் வெளிமுகம் முழுவதும் அடுக்கடுக்காக ஒட்டினார். காய்ந்த தசைநார் சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும்; மரத்தை விடப் பல மடங்கு நீண்டுகொடுக்கும். மரம் தாங்க முடியாத பக்கத்தை விலங்கின் நார் தாங்குகிறது. மங்கோலியா, துருக்கி வில்லாளிகள் இதையே இன்னும் ஒரு படி கொண்டுபோய், உள்முகத்தில் கொம்பையும் ஒட்டினார்கள்.

வேலையில்லாதபோது வில்லை நிமிர்த்தி வைக்காதே, படுக்கவை, நின்றுகொண்டிருக்கும் வில் வேலை செய்துகொண்டேயிருக்கும் என்று இஷி சொன்னதாகப் போப் எழுதியிருக்கிறார். நாண் கழற்றாமல் வைத்த மர வில் நாளடைவில் வளைந்தபடியே நின்றுவிடும் என்பது எல்லா வில்லாளிகளும் அறிந்தது. தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் மரம் மெல்ல இளகி உருமாறுகிறது என்று பொருளறிவியல் அதை விளக்குகிறது. இஷி 1916 மார்ச்சில் காசநோயால் இறந்தார். அவருடனான நட்பில் போப் எழுதிவைத்த குறிப்புகள் 1918-இல் வெளிவந்தன. யாஹி மக்களின் வில் கலையில் இன்று எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளும், இஷி தன் கையால் செய்து விட்டுச்சென்ற பொருள்களும்தான்.

காடு கொடுத்த விலை

வேட்டைக்குத் தனக்கென ஒரு வில் செய்துகொள்பவரால் காடு அழியாது. அரசுகள் படைக்கு வில் சேர்க்கத் தொடங்கியபோது அழிந்தது. 1472-இல் இங்கிலாந்து ஓர் ஆணை பிறப்பித்தது: இறக்குமதியாகும் சரக்கு ஒவ்வொரு பீப்பாய்க் கணக்குக்கும் நான்கு வில் சட்டங்கள் கொண்டுவர வேண்டும். உள்நாட்டில் நல்ல யூ போதவில்லை. ஆல்ப்ஸ், பவேரியக் காடுகளிலிருந்து வில் சட்டங்கள் கப்பல் கப்பலாகப் போயின. 1545-இல் மூழ்கி, 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் மட்டும் 137 முழு விற்கள் கிடைத்தன. பலவற்றின் இழுவிசை 45 கிலோவுக்கும் மேல் என்பது கணிப்பு. நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்தால்தான் ஒரு நல்ல சட்டம் தரும் மரம் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்குமா? 16-ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் மத்திய ஐரோப்பாவில் பெரிய யூ மரம் அரிதாகிவிட்டது. அதற்குள் படைகளில் வில்லின் இடத்தைத் துப்பாக்கி பிடித்துக்கொண்டிருந்தது.

வில்லின் தொடக்கத்தைத் தேடிப் போனால் மரமே கிடைப்பதில்லை. மரம் மக்கிவிடும், முனை மட்டும் மிஞ்சும். இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாஹியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் அம்புமுனைகள் என்று 2020-இல் வெளியான ஆய்வு முடிவுகட்டியது. அவற்றின் வயது 48,000 ஆண்டுகள் வரை போகிறது. அடர்ந்த மழைக்காட்டில் மரக்கிளைகளில் திரியும் குரங்கையும் அணிலையும் வேட்டையாடியிருக்கிறார்கள். அவர்கள் எந்த மரத்தில் வில் செய்தார்கள், நாணுக்கு எந்த நாரைத் திரித்தார்கள் என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை. பனியும் சதுப்பும் இல்லாத வெப்பநாடுகளில் இந்த அறிவு மனிதக் கைகளில் மட்டுமே வாழ்ந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. பில், சந்தால் போன்ற பழங்குடிகளில் மூங்கிலால் வில் செய்பவர்கள் உண்டு. நாணும் மூங்கில் சிம்பாகவே இருப்பதுண்டு. மூங்கிலின் வலிமையான நார்கள் வெளித்தோலை ஒட்டி மிக நெருக்கமாகவும் உள்ளே போகப் போக அரிதாகவும் இருக்கும். எந்தப் பக்கத்தை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் கையில் அது சிறந்த வில் மரம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. அது சரியான சட்டம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வேட்டை நின்றதோடு வில் செய்யும் அறிவும் போய்விட வேண்டியதில்லை.

நம் பழங்குடி அருங்காட்சியகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, "வில், மூங்கில்" என்று சீட்டு ஒட்டினால் போதாது. எந்த மாதத்தில் வெட்டிய மூங்கில், எத்தனை நாள் காய்ந்தது, எந்தப் பக்கத்தில் எந்தக் கருவியால் சீவினார், எத்தனை கிலோ இழுவிசை, செய்தவர் வளைவை எப்படிச் சரிபார்த்தார் என்பதையெல்லாம், செய்பவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, அளந்து, படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள். அவருக்கு உரிய கூலி கொடுத்து, முடிந்த வில் ஒன்றோடு, ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்திய பாதி விற்கள் நான்கைந்தையும் வாங்கி வையுங்கள்.